டியூக்கின் குளியலறைத் திறப்பு விழா

ரிப்பன் அறுந்தது. கைதட்டல் எழுந்தது. கதவு திறந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது.

உள்ளே ஏற்கெனவே குளியல் நடந்துகொண்டிருந்தது.

விழா நடத்துகிற வீட்டுக்காரி அவள். கையில் குங்குமத் தட்டு. முகத்தில் இருந்த சிரிப்பைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

குளியல் மேடையில் இருந்தது டியூக் இல்லை. டியூக் அவள் காலடியில் நின்றது. ஜரிகை வைத்த பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டு. தண்ணீர்ச் சத்தம் கேட்டதிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

மேடையில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மாமனார்.

கோவணத்தோடு.

முதுகைக் காட்டிக்கொண்டு.

விழாவுக்கு வந்த எட்டுப் பெண்களும் சட்டென்று சுவரைப் பார்த்தார்கள். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லாததால் திரும்பவும் அவரையே பார்த்தார்கள். செல்லப்பிராணிகள் நலச் சங்கத்தின் தலைவி வனிதாமணி அக்கா, கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். போட்டோகிராபர் கேமராவை இறக்கலாமா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

மூன்று மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டியது. குளிக்கும்போது நாயின் முகம் கிழக்கே இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லி, நடுவில் ஒருமுறை இடித்தும் கட்டியது. இடுப்பு உயரத்துக்கு மேடை. ஏறிப் போகச் சரிவு. கால் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். இழுத்த பக்கமெல்லாம் வரும் கை ஷவர். சங்கிலி மாட்ட, மேடையோரம் கனமான எவர்சில்வர் கம்பி.

நாய்க்கு இடுப்பெலும்பு ரொம்பவும் நாசூக்கு. ஒருமுறை வழுக்கினால் போச்சு, ஆயுசுக்கும் நொண்டல்தான். கால்நடை டாக்டர் படமே வரைந்து காட்டியிருந்தார்.

மாமனார் ஆடி மாதம் வழுக்கினார்.

அவருடைய குளியலறையில் பதித்திருந்தது இத்தாலிப் பளிங்கு. இடுப்பில் பிளேட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சுவரில், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

பளிங்கில் துளை போட்டால் விரிசல் விடும் என்றார் டிசைனர்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. காலையில் ஓர் ஆள் வந்து மாமனாரின் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார். தினமும் வருகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இப்போது கார்த்திகை.

தோட்டத்துப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. டியூக் மண்காலோடு வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதென்று வைத்தது. அதன் ஓரமாக வாக்கர் நின்றது. அந்தப் பக்கம் ரிப்பன் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மாமனாரின் இடது கை எவர்சில்வர் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. வலது கையில் ஷவர். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முகம் கிழக்கே இருந்தது.

"யாருங்க்கா அது?" பின்னால் ஒரு குரல்.

"மெதுவாப் பேசு. அவிங்க மாமனாரு."

"இவரு படுத்த படுக்கைன்னு சொன்னாங்களே?"

அவள் வாயைத் திறந்தாள்.

"மாமாதான்... சும்மா ஒரு டெஸ்டிங்குக்கு..."

வனிதாமணி அக்கா விழா மேடைகளில் பழகியவர். சமாளித்துவிட்டார்.

"ரொம்ப நல்லதுங் அம்மணி. பெரியவிங்க கையால ஆரம்பிச்சா ராசிதானுங்களே!"

கத்தரிக்கோலோடு இரண்டு முறை கை தட்டினார். யாரும் கூடத் தட்டவில்லை.

அப்போதுதான் அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

டைல்ஸ் வெள்ளை. பழுப்பு நிறம் போடலாம் என்று சொன்ன டிசைனரிடம், வெள்ளைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள். நாய்மேல் எவ்வளவு அழுக்கு என்று அதில்தான் தெரியும்.

தண்ணீர் அவர் கழுத்தில் இறங்கி, எலும்பு துருத்திய முதுகில் ஓடி, மேடையில் விழுந்தது. கலங்கலாக. சாக்கடைக்குப் பக்கத்து நிறத்தில்.

முதல் தண்ணீர் அப்படித்தான் இருக்கும், கொஞ்சத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்தாள்.

எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் போல. காத்திருந்தார்கள்.

தெளியவில்லை.

எட்டுப் பேரும் இப்போது அவரைப் பார்க்கவில்லை. வெள்ளை டைல்ஸில் அந்தத் தண்ணீர் ஓடுகிற ஓட்டத்தை, கடைசிக் குழிவரைக்கும் கண்ணாலேயே பின்தொடர்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவளைப் பார்த்தார்கள்.

வனிதாமணி அக்கா கத்தரிக்கோலைக் கைப்பைக்குள் போட்டார்.

மாமனார் திரும்பவில்லை. திரும்பாமலேயே சொன்னார்.

"அம்முணி, கதவச் சாத்து சாமி. குளுரு அடிக்குது."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வசதியாகப் போயிருக்கும். பெரியவருக்குக் கொஞ்ச நாளாகப் புத்தி சரியில்லை என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் காபிக்கு அழைத்துப் போயிருக்கலாம்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். டியூக் அதை முகர்ந்து பார்த்தது.

புதுப் பட்டுப் புடவை. கொசுவத்தை வாரி எடுத்து இடுப்பில் செருகினாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றினாள்.

கதவைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து.