அத்தை தெளிந்துவிட்டார்

"அத்தை என்னைப் பாராட்டினாங்க டாக்டர்," என்றாள் மருமகள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாராட்டினா என்னம்மா?"

"கல்யாணமாகி ஆறு வருஷத்துல இப்படி நடந்ததே இல்லை."

பக்கத்தில் நின்ற கணவன் ஆமாம் என்று தலையாட்டினான். கட்டிலில் இருந்த மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசி அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று நர்ஸ் தடுத்துவிட்டார்.

மருமகள் மாலை வகுப்பில் நோயாளிப் பராமரிப்பு படிக்கிறாள். வயதானவர்களின் புத்தி திடீரென்று தடுமாறினால் காரணம் ஒன்று ஒளிந்திருக்கும் என்பது போன வாரப் பாடம். சிறுநீரில் கிருமி இருக்கலாம், உடம்பில் உப்புக் குறைந்திருக்கலாம், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். இவர் வழக்கமாக இப்படியா என்று கவனிக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான். அத்தை வழக்கமாக இப்படி இல்லை. "நீ கெட்டிக்காரிம்மா, போய்ப் படி, பாத்திரத்தை நான் கழுவறேன்" என்று அவர் சொன்னதுமே மருமகள் வண்டி பிடித்துவிட்டாள். புறப்படும் முன் காய்ச்சல் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில் மறந்துபோனதை டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒரு குறையும் இல்லை. இந்தத் தடுமாற்றம் வந்து வந்து போகும், இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். மறுநாள் மாலை மருமகளுக்குப் பரீட்சை. விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று கணவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் மறுபடி வந்து, இன்று என்ன கிழமை என்று மாமியாரைக் கேட்டார்.

"வியாழக்கிழமை. ஊறப்போட்ட துணி ஊறினபடியே கிடக்கு. இவ இங்க சிலையாட்டம் உட்கார்ந்திருக்கா. தலையைப் பாருங்க, காக்கா கூடு மாதிரி. ஆறு வருஷமா சொல்றேன், காதுல ஏறுதா?"

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர், அத்தை தெளிஞ்சுட்டாங்க."

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மகனும் மருமகளும் வண்டி பார்க்கப் போனார்கள். கையிலிருந்த ஊசியைக் கழற்றிய நர்ஸ், இவ்வளவு அக்கறையான பெண்ணை அப்படித் திட்டலாமா என்று மெல்லக் கேட்டார்.

மாமியார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாராட்டினதுக்குத்தானே சிஸ்டர் படுக்க வச்சீங்க? திட்டினாத்தானே அவ பரீட்சைக்குப் போக முடியும்? நாளைக்கும் பாத்திரம் நான்தான் கழுவணும், அவ கண்ணுல படாம."