ஓடைக்கு மேற்கே

அன்று மாசி அக்கா அழுதாளா, நான்தான் பிறகு அப்படி எண்ணிக்கொண்டேனா என்று சரியாக நினைவில்லை. வன உரிமைப் பட்டாவுக்காக ஊரே பள்ளிக்கூட முற்றத்தில் கூடி, கோலப்பொடியால் எங்கள் காட்டைத் தரையில் வரைந்தது. படத்தில் இல்லாத இடம் எங்களுக்குக் கிடைக்காது என்று அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார். அதைத் தாளில் எடுத்து எழுதும் வேலை என்னுடையது. ஓடைக்கு மேற்கே உள்ளங்கையளவு தரையை எல்லோரும் வெறுமையாக விட்டிருந்தார்கள். எங்கள் இறந்தவர்களைப் புதைக்கும் இடம் அது. அதன் பெயரைச் சொல்வதும் அதை நோக்கி விரல் நீட்டுவதும் எங்களிடம் வழக்கமில்லை.

"இங்க என்னங்க இருக்கு?" என்றார் அதிகாரி.

எல்லோரும் கோலப்பொடி ஒட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார்கள்.

"பொண்டாட்டி பேரக் கேட்டாக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டீங்க போல."

மாசி அக்கா தன் கணவனை அங்கே விட்டு வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் என் பக்கம் குனிந்து, "எழுதறதுக்கு விரல் நீட்ட வேண்டாமில்ல தம்பி. எழுதிரு," என்றாள்.

பேனாவைப் பார்த்தேன். அதுவும் விரல் போலத்தான் இருந்தது. 'காலி நிலம்' என்று எழுதினேன்.

அடுத்த மழைக்கு முன் அங்கே கல்குவாரி வந்தது. மாசி அக்கா லாரிகள் போகும் வழியை மறித்துக் குடிசை போட்டிருக்கிறாள். அங்கே தங்கள் அப்பனைப் புதைத்திருந்த கெம்பண்ணன் குடும்பம் மலையிறங்கிப் போய்விட்டது. மற்றவர்கள் பட்டாவோடு இங்கேயே இருக்கிறோம். பொழுது சாய்ந்தபின் ஓடைக்கு மேற்கேயிருந்து யார் வந்து எங்கள் பெயரைச் சொல்லி அழைத்தாலும் கதவைத் திறப்பதில்லை.