கச்சான் பக்கம்

சுவரில் மாட்டிய இந்தியப் படத்தில் டீச்சரின் பிரம்பு பம்பாயைத் தொட்டு நிற்கிறது. "இது எந்தத் திசை?" கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க எழுந்திருக்கிறாள் யாகப்பம்மாள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகள் படிக்கும் எட்டாம் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்திருப்பவள். எட்டு தேறினால் மருத்துவச்சிப் பயிற்சிக்கு எடுப்பார்கள்; பரீட்சைக்கு அனுப்புவது டீச்சர் கையில் இருக்கிறது. "கச்சான் பக்கம், டீச்சர்." வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. "பம்பாய்க்கு வல்லத்துல போறாக போல!" என்கிறது முன்வரிசையில் ஒரு குரல். "அது காத்தோட பேரு. நான் திசையைக் கேட்டேன். ஜோதிமேரி, நீ சொல்லு." "மேற்கு, டீச்சர்." "வந்து குட்டு. தப்பாச் சொன்னவளச் சரியாச் சொன்னவதான் குட்டணும். அம்மான்னா மட்டும் விட்டுருவமா?" மகளுக்கு எட்டட்டும் என்று யாகப்பம்மாள் குனிந்து கொடுக்கிறாள். ஜன்னல் வெயிலில் மணல்தூசி சுழல்கிறது. முதல் குட்டு கொண்டையோடு நின்றுவிடுகிறது. "சத்தமே கேக்கலியே?" என்கிறார் டீச்சர். அடுத்தது நடுவிரல் முட்டியைத் துருத்திக்கொண்டு உச்சியில் ணங்கென்று இறங்குகிறது, வீட்டில் யாகப்பம்மாள் மகளைக் குட்டுகிற அதே மாதிரி. கண்ணில் நீர் முட்ட நிமிர்கிறாள். மகளின் கை இன்னும் ஓங்கியபடியே இருக்கிறது.