முப்பத்தோராம் குழாய்

மனித குலம் எச்சிலால் கெட்டது. கெடாத ஒரே மனிதன் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சூடு பார்க்கிறேன் என்று அக்கா தினமும் வாயில் வைத்து எடுத்து ஊட்டிய ஸ்பூனை ஒருநாள் தட்டிவிட்டு, ஏழு வயதிலேயே தனி ஸ்பூன் கேட்டு உருண்டவன். இன்றுவரை பிறர் வாய் பட்ட பாட்டிலை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கிடைத்த வேலை, புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எச்சில் குழாய்களுக்கு நம்பர் ஒட்டுவது.

நாற்பது நோயாளிகள், நாற்பது குழாய்கள். ஒன்றில் நுரை. ஒன்றில் இழை. ஒன்றில் காலையில் தின்றதற்கான சாட்சி.

எல்லாவற்றிலும் எச்சிலால் பரவும் ஒரே வைரஸ். சிறுவயதில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலோர் உடம்பில் ஆயுள் முழுக்கச் சும்மா தூங்கும். சிலருக்கு மட்டும் மூக்குக்குப் பின்னால் கட்டியாக விழித்துக்கொள்ளும். அதன் மரபணுவில் ஆளுக்கு ஆள் சில எழுத்துகள் மாறியிருக்கும். எது மாறினால் கட்டி வருகிறது என்பதுதான் கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி.

குழாய்க்குள் எங்கள் எச்சில் தெறித்தால் தெரிய வேண்டுமே? அதற்காக வேலை செய்பவர்களும் துப்பிக் கொடுக்க வேண்டும். நானும் கண்ணை மூடிக்கொண்டு துப்பியிருந்தேன்.

இன்று மதியம் முடிவு வந்தது. முப்பத்தோராம் குழாயின் வைரஸும் என்னுடையதும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்று.

"உன் எச்சில்தாம்ப்பா உள்ள விழுந்திருக்கு. மூடியை வாயால கடிச்சா திறந்த? சாயங்காலத்துக்குள்ள காரணம் எழுதிக் குடு. இல்லன்னா நாளையிலேர்ந்து வராத" என்றார் மேடம்.

மொத்தக் கூடமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. என் வாயில் ஊறியதை விழுங்கவே எனக்குக் குமட்டியது.

வெள்ளைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிர்க்கட்டடத்து வார்டுக்குப் போனேன்.

முப்பத்தொன்று கட்டிலில் சாய்ந்திருந்தாள். கதிர்வீச்சில் வாயெல்லாம் புண். கொஞ்சம் சூடாக இருந்தால் துடிப்பாள், ஆறிப்போனால் ஓங்கரிப்பாள். மூன்று நாளாக எதுவும் உள்ளே இறங்கவில்லை. இன்றும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் என்று சொல்லிவிட்டார்கள்.

சூப்பை ஒரு ஸ்பூன் எடுத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"டேய், எச்சில்டா."

"ஒரே எச்சில்தான்க்கா. ரிப்போர்ட்டே வந்துடுச்சு."

விழுங்கினாள்.

தாளை விரித்து ஒரு வரி எழுதினேன்: எச்சில் கலந்தது உண்மை, இருபது வருடங்களுக்கு முன்பு.

பிறகு அடுத்த ஸ்பூனுக்குச் சூடு பார்த்தேன்.