கழுத்து மூடிய பனியன்

"அக்கா, இஞ்ச் டேப்பைக் கொஞ்சம் குடுங்க."

மோகன்ராஜ் கையை நீட்டினான். லைன் சூப்பர்வைசர் சித்ரகலா, கழுத்தில் மாலை போலக் கிடந்த டேப்பைக் கழற்றவில்லை.

"எதுக்கு?"

"ஏஜென்ட் என்னோட அளவைக் கேட்டிருக்காருங்க. உயரம், எடை, நெஞ்சு. நெஞ்சு மட்டும் ரெண்டு அளவு வேணுமாம். சும்மா நிக்கறப்ப ஒண்ணு, மூச்சை இழுத்துப் புடிச்சு ஒண்ணு."

"டெய்லர் வேலைக்கா?"

"அங்க பனி கொட்டுமாமுங்க. கம்பெனியே கோட்டுத் தெச்சுக் குடுக்குதாம்."

திருப்பூர் வீரபாண்டியில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் மோகன்ராஜ் ஓவர்லாக் மெஷின் டெய்லர். அடுத்த வாரம் ரஷ்யாவுக்குப் போகிறான். பட்டாளத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியாம். சண்டை நடக்கும் இடம் அங்கிருந்து ரயிலில் ரெண்டு நாள் தூரம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஏஜென்ட் தரணீதரன் சொல்லியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால், பெருமாநல்லூரில் சொந்தமாக நாலு மெஷின் போட்டு உட்கார்ந்துவிடலாம்.

சித்ரகலா டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

அயர்ன் மாஸ்டர் ஆறுச்சாமிதான் அளவெடுத்தார்.

"இழு மூச்சை. இன்னும் இழு. ஏப்பா, மழைத் தவளையாட்ட இருக்கறியே!"

மோகன்ராஜுக்குச் சிரிப்பு வந்து மூச்சு விட்டுப் போனது. மறுபடியும் இழுத்துப் பிடித்தான். சித்ரகலா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஷிப்மென்ட் நேரத்துல ஓவர்லாக் ஆளு போறான்னா வயிறு எரியாம என்ன பண்ணும்?" என்றாள் செக்கிங் டேபிளில் இருந்த சத்யப்பிரியா. அவள் மோகன்ராஜின் மனைவி. சித்ரகலாவின் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

டீ நேரத்தில் தரணீதரன் காரில் வந்து இறங்கினார். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கம்பெனி ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மோகன்ராஜே எல்லாருக்கும் டீ சொன்னான்.

உள்ளே மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்தன. ஒரே ஒரு ஓவர்லாக் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

பிறகு சித்ரகலா வந்தாள். கையில் ஒரு பனியன்.

"சார், நம்ம மோகன்ராஜைக் கூட்டிட்டுப் போறீங்களாமா? அவன் வேலையைப் பாக்க வேண்டாமுங்களா? இந்தாங்க, அவன் தெச்ச பீஸ்."

மோகன்ராஜ் திடுக்கிட்டான். அது அவன் தைத்ததே இல்லை. கழுத்துக்கு விட வேண்டிய இடத்தை, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் மூடித் தைத்திருந்தது.

தரணீதரன் அதை வாங்கினார். போனைப் பார்த்தபடியே திருப்பிக் கொடுத்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸுங்க. தங்கமான கை."

டீக்கடையே சிரித்தது.

"தலையில்லாத ஆளுகளுக்கு ஆர்டராட்ட இருக்குது!" என்றார் ஆறுச்சாமி.

தரணீதரன் அப்போதுதான் பனியனைச் சரியாகப் பார்த்தார். அவரும் சிரித்து வைத்தார். "அட, இருந்துட்டுப் போகட்டுமுங்க. அங்க போனா பழக்கி உட்டுருவாங்க."

மோகன்ராஜுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"சார், இது நான் தெச்சதே இல்லீங்க! உள்ள வாங்க, இப்பவே ஒரு பீஸ் தெச்சுக் காட்டறனுங்க."

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? நேரமாச்சு. அளவு எடுத்துட்டீல்ல? பாஸ்போர்ட்டைக் குடு."

சித்ரகலா விடவில்லை. "தைக்கத் தெரியாத ஆளைக் கூட்டிட்டுப் போயி என்ன சார் பண்ணுவீங்க?"

"ஆளு திடமா இருக்காருங்க. அது போதும்."

மோகன்ராஜின் கை சட்டைப் பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டது. அப்படியே நின்றது. திருப்பூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் 'டெய்லர் தேவை' என்று போர்டு தொங்கும். ஆனாலும் ஒரு பீஸ் தைத்துக் காட்டாமல் எந்தக் கம்பெனியும் அவனை மெஷினில் உட்கார விட்டதில்லை.

சத்யப்பிரியாவுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை.

"ஒருத்தரு பொழைக்கப் போறதை இப்படிக் கெடுக்கறீங்களே, நல்லா இருப்பீங்களாக்கா? நாங்க நாலு மெஷின் போட்டா உங்களுக்கு என்ன வலிக்குது?"

சொல்லிக்கொண்டே கணவனின் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். தரணீதரனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார். நீங்க கூட்டிட்டுப் போங்க."

அவர் அதன் ஒரு முனையைப் பிடித்துவிட்டார்.

"அம்மிணி," என்றாள் சித்ரகலா. குரல் தணிந்திருந்தது. "அந்தப் பனியனை நான்தான் தெச்சேன். என்னைத் திட்டறதை அப்புறம் ஊட்டுக்கு வந்துகூடத் திட்டிக்க. எத்தனையோ நாட்டுக்கு உடுப்பு அனுப்பியிருக்கறோம். மூச்சை இழுத்துப் புடின்னு சொல்லி எந்தக் கோட்டுக்காவது அளவு எடுத்துப் பாத்திருக்கறியா? என் தம்பிக்கு அப்படி எடுத்தாங்க. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த மைதானத்துல."

சத்யப்பிரியா பாஸ்போர்ட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.