இருபது நாள் தூரம்

மாட்டு டாக்டரின் பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைகிறது. பின்கொட்டகையில், வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அவள் செவலைப் பசுவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோமாரியில் விழுந்து எழுந்த பசு, நாக்கை மெல்ல நீட்டி இடது மூக்குத் துளைக்குள் விட்டுத் துழாவுகிறது. கொப்புளமும் புண்ணுமாய்க் கிடந்த நாக்கு. இருபது நாளாக மூக்குப் பக்கமே எட்டிப் பார்க்காத நாக்கு. இப்போது ஈரமாக, இளஞ்சிவப்பாக, காலை வெயில் பட்டு மின்னுகிறது. நோய்ப் பசுவைத் தொட்டவர் மற்ற மாடுகளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, புருஷன் நான்கு மாடுகளோடு முன்கொட்டகைக்கு ஒதுங்கிவிட்டான். அன்றிலிருந்து குடித்தனப் பேச்செல்லாம் முற்றத்துக்குக் குறுக்கே கத்தல்தான். நான்கில் ஒன்றுகூட வாயில் நுரை தள்ளவில்லை. "இனிமே பயமில்ல, ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க" என்று டாக்டரே சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். இதோ, அவன் வருகிறான். நோய் ஒட்டாமலிருக்கச் சலவை சோடா கரைத்து வைத்த தொட்டியில் பழக்கதோஷமாய்க் காலை முக்கி எடுக்கிறான். ஈரக் காலோடு வந்து, தோள் உரச அவள் பக்கத்தில் உட்காருகிறான். பசுவின் நாக்கைக் கண் நிறையப் பார்க்கிறான். பிறகு அவள் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "சாப்புட்டியாஆஆ?" என்று கத்துகிறான். கூரையிலிருந்த குருவிகள் விருட்டென்று பறக்கின்றன. "சாப்புட்டேஏஏன்! நீங்க?" என்று அவன் காதருகிலேயே அவளும் கத்துகிறாள். பசு ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, நாக்கை அடுத்த மூக்குத் துளைக்கு மாற்றுகிறது.