இறுக்கமான தையல்

பக்கவாதத்தில் விழுந்தபின் அவருக்குக் கண்ணும் வாயும் மட்டுமே அசையும், பேச்சு இல்லை. பகலெல்லாம் ஜன்னலோர மரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டுவதையே பார்த்துக் கிடப்பார். செம்பழுப்பு உடல், நெட்டைக் கால். சில எறும்புகள் இலைகளை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கும். மற்றவை தங்கள் குஞ்சுகளான புழுக்களை வாயில் கவ்விவந்து, அவை விடும் வெள்ளை நூலால் இலைகளைத் தைக்கும்.

ஒருநாள் காலையில் அவருடைய போர்வை மெத்தையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

"நர்ஸம்மா கெட்டிக்காரி. நீங்க உருண்டு விழாம தச்சு வெச்சுட்டுப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குக் கிளம்பினாள்.

வாசலில் சாவி வாங்கிக்கொண்டு வந்த நர்ஸ் போர்வையைத் தடவிப் பார்த்தாள். "அக்காவுக்கு என்ன கைநேர்த்தி பாருங்க, ஐயா."

அவர் கண்ணை ஜன்னல் பக்கம் உருட்டி உருட்டிக் காட்டினார்.

"வெயில் கூசுதா?" நர்ஸ் திரையை இழுத்து மூடினாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் தொண்டையில், இத்தனை மாதம் கழித்து, ஒரு சொல் திரண்டு வந்தது. மனைவி பாலோடு வந்து உட்கார்ந்தாள்.

"வாயத் திறங்க. அடம் பிடிக்காதீங்க."

உதட்டோரம் வெள்ளையாக இருந்தது. நேற்றைய பாலாடை என்று நினைத்துத் துண்டால் துடைத்தாள். வரவில்லை. நகத்தால் பிடித்து இழுத்தாள். இரண்டு உதடுகளும் சேர்ந்தே வந்தன.